நேற்று எப்படி இருந்தார் என்று எந்த ஸ்கேனும் சொல்லாது

போன வாரம் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்த ஓர் அம்மாவைப் பார்த்த பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்திலிருந்து விடியற்காலையில் கொண்டு வந்தார்கள். வயது எண்பதுக்கு மேல். கூப்பிட்டால் முனகுகிறார், கண் திறக்கவில்லை. கூட வந்தது இல்லத்து வேன் டிரைவர் மட்டும். எப்போதிலிருந்து இப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "தெரியலீங்க டாக்டர். ஏத்தி உட்டாங்க, கொண்டாந்துட்டனுங்க" என்றார். பாவம், அவர் என்ன செய்வார்? கையில் ஒரு மஞ்சப்பை. அதற்குள் கத்தரியால் வெட்டிய மாத்திரை அட்டைத் துண்டுகள். ஒன்றில் தேதி மட்டும் இருக்கிறது, இன்னொன்றில் மருந்துப் பெயரின் கடைசி நாலு எழுத்து. அடியில் பழைய கண் ஆபரேஷன் ஃபைல்.

சர்க்கரை மிகவும் இறங்கியிருந்தது. குளுக்கோஸ் ஏற்றியதும் கண் திறந்து, "காப்பி குடுங்க சாமி" என்றார். அத்தோடு சரியாகிவிட்டது என்று டிரைவர் கிளம்பத் தயாராகிவிட்டார். ஆனால் கிளிமிபிரைடு மாதிரியான சர்க்கரை நோய் மாத்திரை சாப்பிட்டிருந்தால், அதுவும் சிறுநீரகம் தளர்ந்த வயதில், ஏற்றிய சர்க்கரை சில மணி நேரத்தில் மறுபடியும் இறங்கும். ஒரு நாளாவது படுக்க வைத்துப் பார்க்க வேண்டும். எந்த மாத்திரை, எப்போது போட்டார், ராத்திரி சாப்பிட்டாரா? இந்த மூன்றுக்கும் பதில் அங்கே ஒருவரிடமும் இல்லை.

நம் ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. கோயமுத்தூரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பெரிய ஆஸ்பத்திரி, கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் செய்து எல்லாவற்றையும் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள் என்று. இல்லைங்க. ரத்தப் பரிசோதனை இப்போது சர்க்கரை எவ்வளவு என்று சொல்லும், ஏன் இறங்கியது என்று சொல்லாது. மூளை ஸ்கேன் ரத்தக் கசிவைக் காட்டும், நேற்று சாயங்காலம் இவர் தானாக நடந்துபோய் டிவி போட்டார் என்பதைக் காட்டாது. எங்கள் முன்னால் படுத்திருப்பவர் எப்போதுமே பேசாதவரா, இன்று காலையிலிருந்துதான் பேசவில்லையா என்று எந்த இயந்திரத்தைக் கேட்பது? தினமும் அவருக்குச் சோறு போட்டவரைத்தான் கேட்க முடியும்.

பக்கவாதத்தில் இதன் விலை இன்னும் அதிகம். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக 4.5 மணி நேரம்தான் கெடு. அந்தக் கணக்கு, பார்த்த நேரத்திலிருந்து தொடங்காது. கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து தொடங்கும். "காலையில் எழுப்பினோம், கை வரவில்லை" என்று மட்டும் சொன்னால், முந்தின நாள் ராத்திரி படுத்ததிலிருந்துதான் எண்ணுவோம், பெரும்பாலும் கெடு தாண்டியிருக்கும். ஐந்து மணிக்கு அவரே எழுந்து பாத்ரூம் போனதை இரவு டூட்டி அக்கா பார்த்திருப்பார். அந்த அக்கா ஏழு மணிக்கு ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போயிருப்பார். அவர் செல் நம்பரை அனுப்புங்கள், போதும்.

கீழே விழுந்து தலையில் அடி என்றால், அசிட்ரோம் மாதிரி ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். கை நடுங்கி உடம்பு இறுகும் பார்க்கின்சன் நோய் இருந்தால் அதையும். வாந்திக்கு வழக்கமாகப் போடும் மெட்டோகுளோபிரமைடு ஊசி அவர்களை அப்படியே இறுக்கிப் போட்டுவிடும்.

அப்புறம் அந்த வாக்கியம்: "வயசாயிருச்சுங்க, அப்படித்தான் உளறுவாங்க." ஒன்றிரண்டு நாளில் வந்த குழப்பத்துக்கு வயது காரணமில்லை. சிறுநீர்த் தொற்று, நிமோனியா, சோடியம் குறைவு, புதிதாகக் கொடுத்த தூக்க மாத்திரை, ஏன், மலச்சிக்கல்கூடக் காரணமாக இருக்கும். சத்தம் போடாமல் சோர்ந்து படுத்தே கிடப்பதும் குழப்பம்தான். அதைத்தான் அதிகம் தவறவிடுகிறோம். இன்னொரு பக்கம், கேள்விக்கெல்லாம் சம்பந்தமில்லாமல் பதில் சொன்ன ஒரு தாத்தாவுக்குப் புத்தி தெளிவாகத்தான் இருந்தது. காது மெஷின் இல்லத்து அலமாரியில் இருந்தது.

ஆஸ்பத்திரிகளையும் சும்மா விடுவதற்கில்லை. டிஸ்சார்ஜ் சம்மரி ஆங்கிலத்தில் இருக்கிறது. அது வாட்ஸ்அப்பில் நியூஜெர்சியில் இருக்கும் மகனுக்குப் போய்விடுகிறது. மாத்திரை எடுத்துக் கொடுக்கிற அக்காவுக்கு எதை நிறுத்தினார்கள் என்றே தெரியாமல், பழையதும் புதியதும் சேர்ந்து உள்ளே போகிறது. நிறுத்திய மருந்துகளைத் தமிழில் எழுதிக் கொடுத்து, இல்லத்துக்கு ஒரு போன் போட்டுச் சொல்ல நர்ஸுக்கு ஐந்து நிமிடம் ஆகுமா?

இங்கிலாந்தில் தெற்கு லண்டனின் சட்டன் பகுதியில் 2015இல் சிவப்புப் பை என்று ஓர் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். நோய் விவரம், மருந்து, கண்ணாடி, காது மெஷின், மாற்று உடை எல்லாம் ஒரே பையில், ஆளோடு ஆஸ்பத்திரிக்குப் போய் ஆளோடு திரும்பி வரும். நமக்குச் சிவப்புப் பை வேண்டாம், மஞ்சப்பையே போதும். உள்ளே ஒரு தாள் வையுங்கள், தமிழில், கையெழுத்திலேயே. என்ன நோய், எந்த மருந்து ஒவ்வாது, என்னென்ன மாத்திரை, தானாக நடப்பாரா, தானாகச் சாப்பிடுவாரா, எந்தக் காது கேட்கும், வழக்கமான பேச்சு எப்படி. மருந்து மாறினால் தாளையும் மாற்றுங்கள். கிளம்பும்போது கடைசி மாத்திரை போட்ட நேரத்தையும் சாப்பிட்ட நேரத்தையும் ஓரத்தில் குறியுங்கள். அட்டையை வெட்டாதீர்கள், முழுசாகப் போடுங்கள். தாளை ஒரு போட்டோ எடுத்து மேனேஜர் செல்லில் வையுங்கள். 108இல் ஏற்றினாலும் அவரைத் தெரிந்த ஒருவர் கூட ஏற வேண்டும்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு: இல்லத்தில் கொடுத்த உங்கள் எண்ணை ராத்திரி சைலண்டில் போடாதீர்கள். அவசரத்துக்கு முடிவு சொல்ல உள்ளூரில் ஒரு மாமாவோ சித்தப்பாவோ இருந்தால் அவர் பெயரையும் தாளில் எழுதச் சொல்லுங்கள். வென்டிலேட்டர் வேண்டுமா வேண்டாமா என்பதை அப்பாவிடமே, அவர் தெளிவாகப் பேசும் காலத்திலேயே கேட்டு வையுங்கள். கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். தயவுசெய்து அடுத்த முறை ஊருக்கு வரும்போதே கேட்டுவிடுங்கள்.