1984 சீக்கியர் படுகொலை: நிவாரணம் யாருக்கு, எவ்வளவு? பணம் வாங்கினால் வழக்கு என்ன ஆகும்?

1984 அக்டோபர் 31 அன்று பிரதமர் இந்திரா காந்தியை அவருடைய பாதுகாவலர்கள் இருவர் சுட்டுக் கொன்றார்கள். சுட்டவர்கள் சீக்கியர்கள். அதற்காக, அந்தக் கொலையோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத சீக்கியர்களை அடுத்த சில நாட்களில் கும்பல்கள் தேடித் தேடிக் கொன்றன. டெல்லியில் மட்டும் 2,733 பேர். இது அரசே ஏற்றுக்கொண்ட கணக்கு. திரிலோக்புரி, சுல்தான்புரி, மங்கோல்புரி, பாலம் பகுதிகளில் கொடுமை உச்சத்தில் இருந்தது. கான்பூரும் பொகாரோவும் தப்பவில்லை. தலைப்பாகையும் தாடியும் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், உயிர் பிழைக்கத் தலைமுடியை வெட்டிக்கொண்டவர்கள் உண்டு.

இந்தக் குடும்பங்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே, “அதான் இழப்பீடு கொடுத்தாச்சே, இன்னும் எதற்கு கோர்ட்?” என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நிவாரணம் வேறு, வழக்கு வேறு. எந்தத் தொகையை வாங்கினாலும் குற்றவாளி மீதான வழக்கு முடிந்துவிடாது.

முதலில் பணத்தைப் பார்ப்போம். இறந்தவருக்கு ஆரம்பத்தில் அறிவித்த தொகை 10,000 ரூபாய். பிறகு 20,000 ஆனது. பத்தாண்டுக்கு மேல் டெல்லியில் அதுதான் நிலைமை. கணவரை இழந்த ஒரு பெண் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். பஜன் கவுர் எதிர் டெல்லி நிர்வாகம் என்ற அந்த வழக்கில் 1996இல் தீர்ப்பு வந்தது. குடிமக்களின் உயிரைக் காப்பது அரசின் கடமை, அதில் தவறினால் ஈடு கொடுக்க வேண்டும் என்று அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவை வைத்து நீதிமன்றம் சொன்னது. தொகை 3.5 லட்சமாக உயர்ந்தது. ஏற்கெனவே கொடுத்த 20,000 போக மீதி 3.30 லட்சத்தைக் கொடுத்தார்கள். அதுவரை கருணைத் தொகையாக இருந்ததை உரிமையாக மாற்றிய தீர்ப்பு இது. இதை வாங்கித் தந்தது ஒரு பெண்ணின் மனு என்பதை மறந்துவிடக் கூடாது.

2006 ஜனவரியில் மத்திய அரசு மறுவாழ்வுத் திட்டம் ஒன்றை அறிவித்தது. அதில் ஒவ்வொரு மரணத்துக்கும், ஏற்கெனவே கிடைத்தது போக, மேலும் 3.5 லட்சம். காயமடைந்தவர்களுக்கு 1.25 லட்சம், முன்பு வாங்கியதைக் கழித்துக்கொண்டு. 2014 டிசம்பரில் ஒவ்வொரு மரணத்துக்கும் இன்னொரு 5 லட்சம் சேர்ந்தது. ஆக, டெல்லியில் எல்லாத் தவணையும் கிடைத்த குடும்பத்துக்கு மொத்தம் 12 லட்சம். அது வந்து முடிய முப்பது வருடம் ஆகியிருக்கிறது.

சொத்துச் சேதத்துக்கு வேறு கணக்கு. அன்று வழங்கிய தொகையைப் பத்தால் பெருக்கி, அதிலிருந்து கொடுத்ததைக் கழிக்க வேண்டும். எரிந்த வீட்டுக்கு அப்போது 10,000 கொடுத்திருந்தால், பத்து மடங்கு ஒரு லட்சம். 10,000 கழித்து 90,000 கிடைக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வீட்டோடு சேர்ந்து பத்திரமும் ரசீதும் எரிந்துபோனவர்கள் இழப்பை எப்படிக் காட்டியிருக்க முடியும்? அன்று குறைத்துப் போட்ட மதிப்பு பத்து மடங்கானாலும் குறைவுதான். என் பார்வையில் இந்தத் திட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான்.

கணவரை இழந்தவர்களுக்கும், பிள்ளையை இழந்த வயதான பெற்றோருக்கும் மாதம் 2,500 ரூபாய் ஓய்வூதியம் என்றும் 2006 திட்டம் சொல்கிறது. செலவு மாநில அரசுகளுடையது. வன்முறைக்குப் பயந்து பஞ்சாபுக்கு இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு ஒரே தடவையாக 2 லட்சம். வாரிசுகளுக்கு வேலைவாய்ப்பில் முன்னுரிமையும் வயது வரம்பில் தளர்வும் உண்டு. ஆனால் வேலை விஷயம் இழுத்துக்கொண்டே போனது. டெல்லி திலக் விகாரில் விதவைகள் காலனி என்றே பெயராகிப்போன குடியிருப்பில் வளர்ந்த பிள்ளைகள் பலர் படிப்பைப் பாதியில் விட்டவர்கள். கல்வித் தகுதியைத் தளர்த்தாமல் அவர்களுக்கு இந்தச் சலுகை கைக்கு எட்டாமல் இருந்தது; டெல்லியில் 2024இல்தான் அதைத் தளர்த்தினார்கள்.

விண்ணப்பம், நிலுவை எல்லாவற்றுக்கும் மாவட்ட நிர்வாக அலுவலகம்தான் போக வேண்டிய இடம். இறப்புச் சான்றிதழ், எஃப்.ஐ.ஆர். நகல், வாரிசுச் சான்றிதழ், முன்பு தொகை வாங்கியதற்கான ஆதாரம் ஆகியவற்றைச் சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது.

சரி, வழக்கு? கொலைக் குற்றத்துக்குக் கால வரம்பு கிடையாது. நாற்பது வருடம் ஆனாலும் விசாரிக்கலாம், தண்டிக்கலாம். பாலம் ராஜ்நகரில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து பேர் கொல்லப்பட்ட வழக்கில் முன்னாள் எம்.பி. சஜ்ஜன் குமாரை விசாரணை நீதிமன்றம் 2013இல் விடுவித்தது. கணவரையும் மகனையும் அங்கே பறிகொடுத்த பெண் விடவில்லை. சாட்சிக் கூண்டில் சொன்னதிலிருந்து அவர் பின்வாங்கவே இல்லை. 2018 டிசம்பர் 17 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் சஜ்ஜன் குமாருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. தீர்ப்பளித்த இருவரில் ஒருவர், சென்னையில் வழக்கறிஞராகத் தொழிலைத் தொடங்கிய நீதிபதி எஸ்.முரளிதர். மனிதகுலத்துக்கு எதிரான குற்றம், இனப்படுகொலை இரண்டுமே நம் உள்நாட்டுக் குற்றவியல் சட்டத்தில் இல்லை என்ற குறையையும் அந்தத் தீர்ப்பு சுட்டிக்காட்டியது. டெல்லி சரஸ்வதி விகாரில் தந்தையும் மகனும் கொல்லப்பட்ட வழக்கில் 2025 பிப்ரவரியில் சஜ்ஜன் குமாருக்கு இன்னொரு ஆயுள் தண்டனை கிடைத்தது.

2009 டிசம்பர் 31 முதல், விடுதலைத் தீர்ப்பை எதிர்த்து பாதிக்கப்பட்டவரோ சட்டப்படியான வாரிசோ நேரடியாக மேல்முறையீடு செய்யலாம். அரசு செய்யும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தேதிக்கு முன்னால் வந்த விடுதலைகளுக்கு இந்த உரிமை பொருந்தாது. பழைய வழக்குகள் பல அங்கேதான் முட்டிக்கொண்டு நிற்கின்றன. மிரட்டலுக்குப் பயப்படும் சாட்சிகள், 2018இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் பாதுகாப்பு கேட்கலாம்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று யாரும் பின்வாங்க வேண்டாம். சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆவது பிரிவில் பெண்களுக்கும், இன வன்முறையால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் இலவச சட்ட உதவி உண்டு. இந்தச் சட்டம் நாடு முழுவதற்கும் பொது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைய அலுவலகத்தில் நேரில் கேட்கலாம்; அல்லது 15100 என்ற எண்ணுக்கு போன் செய்யலாம்.