நாலு ஓம் எங்கே போனது?

மலேசியாவில், பினாங்கின் பாயான் லெப்பாசில் மோட்டார் கட்டுப்பாட்டுப் பலகைகளுக்கு சி மொழியில் நிரல் எழுதுவது என் பிழைப்பு. பயிற்சிக்கு வந்திருந்த தம்பி ஒருநாள் மடிக்கணினியோடு வந்து நின்றார். "அண்ணே, புரோகிராம்ல கரண்டு 76.67 ஆம்பியர் வருது, மீட்டர்ல 46தான். மீட்டர் கெட்டுப்போச்சா?"

மீட்டர் நன்றாகத்தான் இருந்தது. நம்மூர் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மோட்டார் சுருளின் ரெசிஸ்டன்ஸ் (மின்தடை) 3 ஓம், ரியாக்டன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்குச் சுருள் காட்டும் எதிர்ப்பு) 4 ஓம். இரண்டையும் சேர்த்து 3+4i என்று, மெய்ப் பகுதி 3, கற்பனைப் பகுதி 4 கொண்ட ஒரே கலப்பெண்ணாக (காம்ப்ளெக்ஸ் நம்பர்) வைத்திருந்தார். சரிதான். அதன் மட்டு மதிப்பு, அதாவது அளவு, 5; 230ஐ 5ஆல் வகுத்தால் கரண்டு 46. ஆனால் மட்டு மதிப்புக்கு அவர் அழைத்தது 'ஏபிஎஸ்' ஃபங்ஷனை. அது முழு எண்ணுக்கானது. கலப்பெண் போனால் கற்பனைப் பகுதியை உதறிவிட்டு 3 என்று சொல்லும்; 230ஐ 3ஆல் வகுத்ததில் வந்ததுதான் அந்த 76.67. அழைக்க வேண்டியது, முன்னால் ஒரு சி சேர்ந்த 'சிஏபிஎஸ்'.

எனக்கு எரிச்சலே, கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) வாயைத் திறக்காததுதான். கலப்பெண்ணை மெய்யெண் மாறியில் போட்டால் கற்பனைப் பகுதி கழன்றுவிடும். சி மொழியின் 1999 தரமான சி99படி அது பிழையே இல்லை. நானும் ஒருமுறை மின்திறனைச் சாதாரண மெய்யெண் 'டபுள்' மாறியில் வாங்கி வைத்துவிட்டு, அதன் கற்பனைப் பகுதியான ரியாக்டிவ் திறனைத் தேடி ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். ஜிசிசி கம்பைலரில் 'டபிள்யூ ஆல்' எச்சரிக்கைகள் மட்டும் போதாது. 'டபிள்யூ எக்ஸ்ட்ரா', 'டபிள்யூ கன்வெர்ஷன்' இரண்டையும் போடுங்கள்.

வர்க்கமூலத்திலும் இதே கதை. சாதாரண 'ஸ்கொயர்ரூட்' ஃபங்ஷனிடம் -4 கொடுத்தால் 'நான்' (NaN) என்று வரும், அதாவது எண்ணே இல்லையாம். சி சேர்ந்ததுதான் 2i என்ற கற்பனை எண்ணைத் தரும். அச்சிடும்போது மெய், கற்பனைப் பகுதிகளைத் தனித்தனியாகப் பிரித்து அனுப்ப வேண்டும். கலப்பெண்ணுக்கென்று பிரிண்ட்எஃபில் குறியீடு கிடையாது.

மின்துறைக்காரர்களுக்கு இன்னொரு வம்பு. கலப்பெண்களுக்கான காம்ப்ளெக்ஸ் ஹெடர் கோப்பைச் சேர்த்ததும் பெரிய 'ஐ' எழுத்து கற்பனை அலகாகிவிடும். நமக்கோ கரண்டுக்குப் பெயரே அதுதான்! கரண்டின் பெயரை மாற்றுங்கள், அல்லது 'அன்டெஃப்' போட்டு அந்த 'ஐ'யை நீக்கிவிடுங்கள்.

விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் கம்பைலர் வைத்திருப்பவர்களுக்கு இந்த எழுத்துமுறை செல்லாது. அங்கே கலப்பெண் ஒரு ஸ்ட்ரக்ட், அதாவது பல மதிப்புகளைச் சேர்த்த கட்டு; பெருக்கவும் தனி ஃபங்ஷன்தான். சி மொழியின் 2011 தரமே கலப்பெண் வசதியைக் கம்பைலர் செய்பவர்களின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது.

தம்பி ஒரு சி சேர்த்து ஓட்டினார். 46.00. ஸ்டோரில் கேட்டு வாங்கி வந்திருந்த இரண்டாவது மீட்டரைச் சத்தமில்லாமல் திருப்பிக் கொடுக்கப் போனார்.