பழவேற்காட்டில் பூநாரை: முதலில் தண்ணீரின் ஆழத்தைப் பாருங்கள்

பழவேற்காடு ஏரிக்குப் போயும் பூநாரையைக் காணாமல் திரும்புபவர்கள் பெரும்பாலும் ஆழமான பக்கத்தில் தேடியிருப்பார்கள். பெரிய பூநாரைக்கு நீந்தத் தெரியும். ஆனாலும் அது விரும்புவது நின்றபடி மேயக்கூடிய ஆழத்தைத்தான். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பியிருக்கும்போது கூட்டம் ஓரங்களுக்குச் சிதறிவிடும். ஜனவரி முதல் மார்ச் வரை, நீர் வடிந்து சேற்றுத்திட்டுகள் தலைகாட்டும் இடங்களில் தேடுங்கள்.

ஆழத்தைப் பறவையே காட்டிவிடும். காலின் நடுவில் பின்பக்கமாக மடங்குவது முழங்கால் அல்ல, கணுக்கால். அதற்குக் கீழே ஏறக்குறைய ஓரடி நீளம் உண்டு. அந்த மூட்டு நனைந்திருந்தால் அங்கே ஓரடித் தண்ணீர் நிற்கிறது.

மேயும் விதம் அபூர்வமானது. தலையைக் கவிழ்த்து, அலகின் மேல்பாதி கீழே வரும்படி நீரில் அமிழ்த்தும். நாக்கு பிஸ்டனைப் போல நொடிக்குப் பலமுறை முன்னும் பின்னும் ஓடி நீரை உறிஞ்சித் தள்ள, அலகோரத்து மெல்லிய தகடுகளில் சிற்றிறால்களும் புழுக்களும் தங்கிவிடும். நின்ற இடத்திலேயே வட்டமாகச் சுற்றிச் சேற்றை மிதிப்பது இரையைக் கிளப்பத்தான். நீர் வற்றிய பிறகு அந்த வட்டக் குழிகளைக் கரையோரம் காணலாம்.

இளம்பறவை சாம்பல் பழுப்பாக இருப்பதால் பலர் வேறு இனம் என்று குறித்துவிடுகிறார்கள். வளர்ந்த பறவையின் இளஞ்சிவப்பு நிறம், உணவிலுள்ள கரோட்டினாய்டு நிறமிகளிலிருந்து வருவது. முழுமையாக ஏறச் சில ஆண்டுகள் ஆகும். பறக்கும்போது கொக்கு கழுத்தை மடக்கிக்கொள்ளும், பூநாரை கழுத்தையும் காலையும் நேராக நீட்டும். அலகு முழுக்கக் கருஞ்சிவப்பாக, உருவமும் சிறிதாக இருந்தால் அது ‘சிறிய பூநாரை’ என்ற வேறு இனம்.

8×42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. முகப்பு வில்லை கொண்ட) பைனாகுலர் போதும். தொலைவில் நிற்கும் கூட்டத்துக்கு முக்காலியில் பொருத்திய ஸ்கோப் (ஒற்றைக் கண் தொலைநோக்கி) வேண்டும். வெயில் ஏறினால் கானலில் உருவங்கள் நெளியும். விடியலில், சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள்.

படகில் நெருங்குவதைவிடக் கரையே நல்லது. மேய்ந்துகொண்டிருந்தவை கழுத்தை நிமிர்த்தி ஒரே திசையில் நடக்கத் தொடங்கினால் நீங்கள் ஏற்கெனவே நெருங்கிவிட்டீர்கள், பின்வாங்குங்கள். கூட்டம் எழும்பினால் மேய்ச்சல் நேரமும் உடற்சக்தியும் வீணாகும்.

எண்ணும்போது முதலில் 50 பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணி, அவை அடைக்கும் பரப்பைக் கண்ணில் பதித்து, மீதிக் கூட்டத்தில் அப்படி எத்தனை பகுதிகள் என்று பாருங்கள். தாழ்வான கரையிலிருந்து பார்த்தால் முன்வரிசை பின்வரிசையை மறைத்து எண்ணிக்கை குறையும். மேடான இடத்திலிருந்து மூன்று முறை எண்ணிச் சராசரி எடுங்கள்.