ஸ்டீயரிங் ஏன் உதறுகிறது, வண்டி ஏன் இழுக்கிறது

ஸ்டீயரிங் உதறினால் ஸ்டீயரிங்கில்தான் கோளாறு என்று நினைப்பது இயல்பு. பெரும்பாலும் அது தவறு. ஓட்டுநரின் கைக்கும் சாலைக்கும் நடுவே பல மூட்டுகளும் ரப்பர் புஷ்களும் பேரிங்குகளும் இருக்கின்றன. அவற்றில் எது தேய்ந்தாலும் அதன் விளைவு கடைசியில் கைக்கே வந்து சேர்கிறது. கோளாறு உணரப்படும் இடம் ஒன்று, அது இருக்கும் இடம் வேறொன்று. இதைப் பிரித்துப் பார்க்காமல் பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போவது வீண்செலவு மட்டுமல்ல, ஆபத்தும்கூட. உண்மையில் தேய்ந்துபோன பால் ஜாயின்ட் (கிண்ணத்துக்குள் உருளும் குண்டு வடிவ மூட்டு) உள்ளேயே இருக்க, குறை தீர்ந்துவிட்டது என்ற நம்பிக்கையில் வண்டி வேகமெடுக்கும்.

அமைப்பு எளிமையானதுதான். ஸ்டீயரிங் சக்கரத்தைத் திருப்பினால் அதன் தண்டு ஒரு சிறிய பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. அந்தப் பற்சக்கரம் ரேக் எனப்படும் பல்வெட்டிய கம்பியை இடமும் வலமும் நகர்த்துகிறது. ரேக்கின் இரு முனைகளிலும் உள்ள டை ராடுகள் அந்த அசைவை நக்கிளுக்குக் கொண்டுபோகின்றன. சக்கரத்தைத் தாங்கும் கனமான உலோகத் துண்டுதான் நக்கிள். அதன் அடிப்பகுதியை, சக்கரத்தை வண்டியின் உடற்பகுதியோடு இணைக்கும் கீழ்க்கையான லோயர் ஆர்மின் நுனியிலுள்ள பால் ஜாயின்ட் பிடித்துக்கொள்கிறது. மேல்பகுதியைப் பெரும்பாலான கார்களில் ஸ்ட்ரட் பிடித்துக்கொள்கிறது. சுருள்வில்லும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த இந்த அமைப்பு, 1940களில் இதை உருவாக்கிய ஏர்ல் மெக்ஃபர்சன் என்ற பொறியாளரின் பெயரால் வழங்குகிறது.

நக்கிளை ஸ்டீயரிங் இடவலமாகத் திருப்புகிறது. ஸ்ட்ரட்டும் ஆர்மும் அடங்கிய சஸ்பென்ஷன் அதே நக்கிளை மேலும் கீழுமாக ஏறி இறங்க விடுகிறது. இரண்டு வேலைகளும் ஒரே துண்டில் சந்திப்பதால்தான் சஸ்பென்ஷனின் குறை ஸ்டீயரிங்கின் குறையாகவும், ஸ்டீயரிங்கின் குறை டயரின் குறையாகவும் வேஷம் போட்டுக்கொண்டு வருகின்றன.

முதலில் உதறலைப் பார்ப்போம். மெதுவாகப் போகும்போது ஒன்றும் தெரியாது. மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டும்போது ஸ்டீயரிங் நடுங்கத் தொடங்கும். சில வண்டிகளில் 110, 120 ஐத் தொட்டதும் அடங்கியும்விடும். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் இப்படி நடப்பதற்கு எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.9 மீட்டர் உருளும். மணிக்கு 100 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 28 மீட்டர். ஆக, டயர் நொடிக்குச் சுமார் 15 முறை சுற்றுகிறது. சக்கரம், நக்கிள், பிரேக் ஆகியவை சேர்ந்த தொகுதி டயருக்கும் சஸ்பென்ஷனுக்கும் நடுவே தானாகவே அதிரும் வேகமும் பொதுவாக நொடிக்கு 10 முதல் 15 முறை. இரண்டும் ஒத்துப்போகும்போது சின்ன உந்துதலும் பெரிய ஆட்டமாக வளர்கிறது. ஒத்திசைவு என்று இயற்பியல் சொல்வது இதைத்தான்.

அந்த உந்துதல் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் சக்கரத்தின் எடைச் சமநிலைக் குறைவிலிருந்து. ரிம்மின் விளிம்பில், மையத்திலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி 20 கிராம் மட்டும் கூடுதலாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 100 கிலோமீட்டரில் அது வெளிநோக்கி இழுக்கும் விசை ஏறத்தாழ 34 நியூட்டன், அதாவது மூன்றரைக் கிலோ எடைக்குச் சமம். அந்த இழுப்பின் திசையும் நொடிக்கு 15 முறை முழுவட்டம் அடிக்கிறது. வேகம் இரட்டிப்பானால் விசை நான்கு மடங்காகும். சமநிலைக்காக ரிம்மில் பொருத்திய ஒரு சிறிய எடைத் துண்டு கழன்று விழுந்தாலோ, உட்புறம் சேறு ஒட்டிக் காய்ந்தாலோ இந்த நிலை வந்துவிடும். உதறல் என்றதும் முதலில் ரிம்மின் உட்புறத்தைக் கழுவிவிட்டு வீல் பேலன்சிங் பார்ப்பதுதான் சரியான வரிசை. மூட்டுகளைப் பிரிப்பது அதற்குப் பிறகு.

அப்போதும் தீரவில்லை என்றால், நடுக்கம் எங்கே தெரிகிறது என்று கவனிக்க வேண்டும். கையில் தெரிந்தால் முன்சக்கரங்கள், இருக்கையில் தெரிந்தால் பெரும்பாலும் பின்சக்கரங்கள். பிரேக் மிதிக்கும்போது மட்டும் வந்தால் சந்தேகம் பிரேக் டிஸ்க்கின் பக்கம் திரும்ப வேண்டும். டிஸ்க்கின் தடிமன் சுற்றிலும் ஒரே சீராக இல்லாதபோது அதை அழுத்தும் பிரேக் பேட்கள் மாறி மாறிப் பிடித்து விடுகின்றன. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மூட்டுகள் இறுக்கமாக இருக்கும் வண்டி லேசான சமநிலைக் குறைவை விழுங்கிவிடும். தேய்ந்த மூட்டுள்ள வண்டி அதையே பெரிதாக்கிக் காட்டும். நன்றாகப் பேலன்ஸ் செய்த சக்கரம் சில வாரங்களில் மறுபடி உதறினால் மூட்டுகளைச் சோதிக்கும் நேரம் வந்துவிட்டது.

மூட்டுச் சோதனைக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். சமதளத்தில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பகுதியை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டின் மீது இறக்கி வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கை வைக்கவே கூடாது. பிறகு சக்கரத்தைக் கடிகார முகமாகப் பாவித்து 12 மணி, 6 மணி இடங்களில் இரு கைகளாலும் பிடித்து, மேல்பகுதியை உள்ளே தள்ளிக் கீழ்ப்பகுதியை வெளியே இழுக்க வேண்டும். அடுத்து 9 மணி, 3 மணி இடங்களில் பிடித்து அதே போல் ஆட்ட வேண்டும். மேல்கீழாக மட்டும் ஆட்டம் இருந்தால் பால் ஜாயின்ட் மீது சந்தேகம். பக்கவாட்டில் மட்டும் இருந்தால் டை ராட் எண்ட், அல்லது ரேக்கின் உள்ளே இருக்கும் மூட்டு. இரண்டு திசையிலும் ஆடினால் பெரும்பாலும் வீல் பேரிங்.

இந்த இடத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஆட்டம் தெரியும்போது உதவிக்கு ஒருவரை பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டிப் பாருங்கள். பிரேக் பிடித்ததும் டிஸ்க்கும் நக்கிளும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும், பேரிங்கின் ஆட்டம் மறைந்துவிடும். பால் ஜாயின்ட்டின் ஆட்டம் மறையாது, அப்படியே இருக்கும். ஒரு பெடலை மிதித்தே இரண்டு சந்தேகங்களில் ஒன்றைக் கழித்துவிடலாம். நல்ல சோதனை எதுவானாலும் இப்படித்தான் இருக்க வேண்டும்: விடை எதுவாக வந்தாலும் ஒரு காரணம் பட்டியலிலிருந்து விலக வேண்டும்.

ஜாக்கி வைக்கும் இடமும் முக்கியம், பலர் இதைக் கவனிப்பதில்லை. சுருள்வில் லோயர் ஆர்மின் மீது அமர்ந்திருக்கும் வண்டிகளில் உடற்பகுதியைத் தூக்கினால் வில் ஆர்மைக் கீழே தள்ளி, பால் ஜாயின்ட்டை இறுக்கி வைத்துக்கொள்ளும். தேய்ந்த ஜாயின்ட்கூடக் கல் போல் உறுதியாகத் தெரியும். அங்கே ஆர்மின் அடியில், நுனிக்கு அருகே தாங்கினால்தான் சுமை விலகி உண்மை ஆட்டம் வெளிப்படும். ஸ்ட்ரட் வண்டிகளில் இதற்கு நேர்மாறு, சக்கரத்தைத் தொங்கவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

டை ராட் மூட்டுகளுக்கு எனக்கு மிகவும் நம்பிக்கையான சோதனை வேறு. வண்டி நான்கு சக்கரங்களிலும் நிற்கட்டும். பவர் ஸ்டீயரிங் இருந்தால் என்ஜின் ஓடட்டும், கியர் நியூட்ரலில், கைப்பிரேக் இழுத்த நிலையில். ஒருவர் ஸ்டீயரிங்கைச் சிறிய அளவில் இடவலமாக அசைத்துக்கொண்டே இருக்க, மற்றவர் ஒவ்வொரு மூட்டின் மீதும் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். மூட்டின் ஒரு பக்கம் நகர்ந்து மறு பக்கம் தாமதமாக நகர்ந்தால் தேய்மானம் அங்கேதான். கண்ணுக்குத் தெரியாத அரை மில்லிமீட்டர் ஆட்டம் விரல் நுனியில் சுருக்கென்று தெரியும்.

இனி வண்டி ஒரு பக்கமாக இழுப்பது. சக்கரக் கோணங்களைச் சரிசெய்யும் அலைன்மென்ட் பார்க்கச் சொல்லும் முன் டயர்களில் காற்றழுத்தம் அளந்தாகிவிட்டதா என்று கேட்க வேண்டும். அடுத்து, முன்டயர்கள் இரண்டையும் இடம் மாற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும். திசைக் குறியிட்ட டயர்களானால் சோதனைக்காக மட்டும் சிறிது தூரம். இழுப்பு எதிர்ப்பக்கம் மாறினால் டயர்தான் காரணம். அதன் உள்ளமைப்பு லேசாகக் கூம்பு வடிவம் கொண்டிருந்தால் அது நேராக உருளாது. இழுப்பு மாறவில்லை என்றால் பிரேக்கைப் பார்க்க வேண்டும். சிறிது தூரம் ஓட்டி நிறுத்தியதும் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் அதிகமாகச் சூடேறியிருந்தால் அங்கே பேட்களை அழுத்தும் காலிப்பர் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. இவையெல்லாம் விலகிய பிறகே கோணங்களின் முறை.

மூன்று கோணங்கள் இருக்கின்றன. முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளே வெளியே சாய்ந்திருப்பது கேம்பர். சைக்கிளின் முன்கவை பின்னோக்கிச் சாய்ந்திருப்பதைப் போலத் திரும்பும் அச்சு சாய்ந்திருப்பது கேஸ்டர். வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வருவது பெரும்பாலும் கேஸ்டரின் கொடை. மேலிருந்து பார்க்கும்போது இரண்டு சக்கரங்களும் இணையாக இல்லாமல் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருப்பது டோ. இடமும் வலமும் கேம்பர் அல்லது கேஸ்டர் வேறுபட்டால் வண்டி இழுக்கும். கேஸ்டர் குறைந்த பக்கத்துக்கும், மேல்பகுதி அதிகமாக வெளியே சாய்ந்த சக்கரத்தின் பக்கத்துக்கும் போகப் பார்க்கும். முன்சக்கரங்களின் டோ அப்படியல்ல. அது பெரும்பாலும் இழுக்காது, சத்தமில்லாமல் டயரைத் தின்னும். ஒவ்வொரு சக்கரத்திலும் ஒன்றரை மில்லிமீட்டர் பிசகு என்றாலே, கிலோமீட்டருக்கு இரண்டரை மீட்டர் அளவுக்கு அந்த டயர் பக்கவாட்டில் உரசிக்கொண்டு போகிறது.

அதனால் டயரையே படிக்கக் கற்றுக்கொள்வது நல்லது. உள்ளங்கையை டயரின் குறுக்கே ஒரு திசையில் தடவி, பிறகு எதிர்த்திசையில் தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் ரம்பப்பல் போலவும் இருந்தால் அது டோ. ஒரு ஓரம் மட்டும் சீராகத் தேய்ந்திருந்தால் கேம்பர். சுற்றளவில் ஆங்காங்கே குழிகுழியாக இருந்தால் ஷாக் அப்சார்பர் ஓய்ந்துவிட்டது அல்லது சமநிலை கெட்டிருக்கிறது. நடுப்பகுதி தேய்ந்தால் காற்று அதிகம், இரு ஓரங்களும் தேய்ந்தால் காற்று குறைவு.

திருப்பிய ஸ்டீயரிங் நேருக்கு வர மறுத்து அந்தப் பக்கமே நின்றுகொண்டால், அலைன்மென்ட்டைத் தொடும் முன் ஸ்ட்ரட்டின் உச்சியிலுள்ள பேரிங்கைச் சோதிக்க வேண்டும். ஸ்டீயரிங்கை ஒருவர் மெதுவாகத் திருப்ப, சுருள்களுக்கு இடையில் விரல் போகாமல் வில்லின் வெளிப்புறத்தில் மட்டும் மற்றவர் கை வைக்க வேண்டும். பேரிங் நன்றாக இருந்தால் வில் சீராகச் சுழலும். இறுகியிருந்தால் வில் முறுக்கிக்கொண்டு திடீரென்று துள்ளும், ‘டங்’ என்று ஓசையும் வரும்.

ஓசைகளும் இப்படியே வழிகாட்டும். சிறு மேடுபள்ளங்களில் கடகட என்று வந்தால், வளைவில் வண்டி சாயாமல் தடுக்கும் கம்பியின் இணைப்பான ஸ்டெபிலைசர் லிங்க். முழுதாகத் திருப்பி நகரும்போது டக்டக் என்று அடித்தால் டிரைவ் ஷாஃப்ட்டின் வெளிமூட்டு. வேகத்தோடு ஏறும் ரீங்காரம் இடப்பக்கம் திரும்பும்போது கூடினால், சுமை வலப்பக்கம் சாய்வதால், வலப்பக்க வீல் பேரிங் மீது சந்தேகம். ஸ்டீயரிங் கனமாகிவிட்டால், ஆயில் அழுத்தத்தால் உதவும் வகையில் ஆயிலின் அளவையும் பெல்ட்டையும் பாருங்கள். மின்மோட்டார் வகையில் முதலில் பேட்டரியின் மின்னழுத்தத்தைப் பாருங்கள், அது குறைந்தாலே உதவி குறையும்.

பழுது பார்ப்பதில் மூன்று இடங்களில் கவனம் தேவை. டை ராட் எண்டின் தண்டு கூம்பு வடிவில் நக்கிளின் துளைக்குள் இறுகி உட்கார்ந்திருக்கும், நட்டைக் கழற்றினாலும் வெளியே வராது. அதற்குரிய புல்லரைப் பயன்படுத்த வேண்டும், மரையின் மீது சுத்தியலால் அடிக்கக் கூடாது. பழையதைக் கழற்றும் முன் எத்தனை மரை உள்ளே இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு புதியதையும் அதே அளவு ஏற்றினால், அலைன்மென்ட்டுக்குப் போகும் வரை வண்டி ஓரளவு நேராக ஓடும். நட்டு கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின் போடும் துளை நேருக்கு வரவில்லை என்றால் நட்டைச் சற்றே இறுக்கி வரவழைக்க வேண்டும், தளர்த்தி அல்ல.

இரண்டாவது, லோயர் ஆர்ம் புஷ். புதிய புஷ்கள் சில மாதங்களிலேயே கிழிந்துபோக மிகச் சாதாரணமான காரணம் தரக்குறைவல்ல, போல்ட்டை இறுக்கிய நிலை. அந்த ரப்பர் உள்ளும் புறமும் இரும்புக் குழாயோடு ஒட்டவைக்கப்பட்டது. ஆர்ம் ஏறி இறங்கும்போது குழாய்க்குள் எதுவும் வழுக்குவதில்லை, ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு திரும்புகிறது. சக்கரம் தொங்கும்போது போல்ட்டை முழுதாக இறுக்கினால், வண்டியைக் கீழே இறக்கிய கணமே ரப்பர் முறுக்கேறிவிடும். நிற்கும்போதும் அது ஓய்வில் இல்லை, ஒவ்வொரு மேட்டிலும் அந்த முறுக்கு இன்னும் கூடுகிறது. ஆகவே போல்ட்டைக் கையால் பொருத்திவிட்டு, சஸ்பென்ஷன் வண்டியின் எடையைத் தாங்கி நிற்கும் உயரத்துக்கு வந்த பிறகே குறித்த அளவு முறுக்குவிசையில் இறுக்க வேண்டும்.

மூன்றாவது, ஸ்ட்ரட். அதன் உச்சி நட்டுதான் அழுத்தி வைத்த சுருள்வில்லைப் பூட்டி வைத்திருக்கிறது. வில்லை ஸ்பிரிங் கம்ப்ரெசர் என்ற கருவியால் இறுக்காமல் அந்த நட்டைக் கழற்றினால் உயிருக்கே ஆபத்து. பழக்கமும் சரியான கருவியும் இல்லாதவர்கள் இந்த வேலையைப் பட்டறைக்கே விட்டுவிட வேண்டும்.

எல்லாம் பொருத்திய பிறகு அலைன்மென்ட். கேம்பரும் கேஸ்டரும் மாறினால் டோவும் மாறும், ஆகவே டோவைக் கடைசியில்தான் வைக்க வேண்டும். ஸ்டீயரிங் சக்கரம் கோணலாக நின்றால் அதைக் கழற்றி வேறு பல்லில் மாட்டுவது தீர்வல்ல. ஒரு டை ராடைக் குட்டையாக்கி மறு பக்கத்தை அதே அளவு நீட்ட வேண்டும். சறுக்கலைத் தடுக்கும் மின்னணு அமைப்புள்ள வண்டிகளில் பலவற்றுக்கு ஸ்டீயரிங் கோண உணரியையும் பூஜ்யத்துக்கு மறுபடி அமைக்க வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் நேராகப் போகும் வண்டியைத் திரும்புகிறது என்று கணினி எண்ணி, வேண்டாத நேரத்தில் பிரேக்கைத் தொடும்.