மாவு சேர்க்காமலே கெட்டிப்படும் பிர்ரியா

மெக்சிகோவின் மேற்கே ஹலிஸ்கோ மாநிலத்தில், கல்யாணம் என்றாலும் ஞாயிற்றுக்கிழமைக் காலை என்றாலும் பிர்ரியாதான். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் கொண்டுவந்த வெள்ளாடும், அந்த மண்ணில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக விளைந்துவரும் மிளகாயும் சேர்ந்து பிறந்த கறிக்குழம்பு அது. தொட்டுக்கொள்ள டார்ட்டியா என்ற மெல்லிய மக்காச்சோள ரொட்டி வரும். சின்ன டார்ட்டியா ஒன்றிலேயே சுமார் 10 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. மாவுச்சத்தைக் குறைப்பவர்கள் டார்ட்டியாவை விட்டால் போதும். குழம்பில் கைவைக்க வேண்டியதே இல்லை. பிர்ரியாவில் மைதா கிடையாது, கார்ன்ஃப்ளோர் கிடையாது, கிழங்கும் கிடையாது. அப்படியும் அது ரசம் மாதிரி நீர்த்து நிற்பதில்லை, கறியோடு ஒட்டி நிற்கிறது. அந்தப் பிடிப்பு இரண்டு இடங்களிலிருந்து வருகிறது: ஒன்று எலும்பையும் தசையையும் சுற்றியிருக்கும் சவ்வு, இன்னொன்று காய்ந்த மிளகாயின் சதை.

முதலில் சவ்வு. ஆட்டின் முன்னந்தொடை, கால், கழுத்து எல்லாம் நாள் முழுக்க உழைக்கும் பாகங்கள். அங்கே தசையைக் கட்டி வைத்திருப்பது கொலாஜன் என்ற புரதம். மூன்று இழைகளைக் கயிறு போல முறுக்கிய அமைப்பு அதற்கு. சூடு 60 டிகிரியைத் தாண்டும்போது கொலாஜன் சுருங்குகிறது. 70 டிகிரிக்கு மேல் நீண்ட நேரம் ஈரத்தில் இருந்தால் முறுக்கு அவிழ்ந்து ஜெலட்டினாகக் கரைகிறது. ஆட்டுக்கால் பாயா ஆறியதும் விரலில் பிசுபிசுவென்று ஒட்டுமே, அதே ஜெலட்டின்தான்.

இதில் பலர் தவறவிடும் ஒரு கட்டம் உண்டு. கொலாஜன் கரைய மணிக்கணக்கில் ஆகும். தசைநார்களோ 65, 70 டிகிரியிலேயே இறுகித் தம்மிடமுள்ள தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். அதனால் அடுப்பில் ஏற்றி ஒரு மணி நேரம் கழித்து ஒரு துண்டை எடுத்துக் கடித்தால் ரப்பர் மாதிரி இருக்கும். கறி முற்றல் என்று நினைத்துத் தீயைக் கூட்டுவது இந்த நேரத்தில்தான். கூட்டி ஒரு பயனும் இல்லை, தளதளவென்று கொதித்தாலும் தண்ணீரின் சூடு 100 டிகிரிக்கு மேல் போகாது. கறி உடைந்து, கொழுப்பு குழம்போடு கலந்து கலங்கிப்போவதுதான் மிச்சம். ஓரத்தில் மட்டும் இரண்டு மூன்று குமிழி வருகிற அளவுக்குத் தீயை வைத்து, மூன்று மணி நேரம் பொறுக்க வேண்டும். அதற்குள் ஜெலட்டின் நார்களுக்கு நடுவே இறங்கி, உலர்ந்த கறியையும் வாயில் வழுக்க வைத்துவிடும். ஹலிஸ்கோவின் தலைநகர் குவாதலஹாரா கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அங்கே தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஆகவே பொறுமை இன்னும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். பழைய முறையில் ஆவி தப்பாமலிருக்க மூடியைச் சுற்றி மக்காச்சோள மாவை அப்பி அடைப்பார்கள். நம் வீட்டு பிரஷர் குக்கரில் சூடு 120 டிகிரியை நெருங்குவதால் முக்கால் மணி நேரத்தில் அதே வேலை முடிந்துவிடுகிறது.

தொடைக்கறியை எலும்பில்லாமல் வாங்கி இதைச் செய்யாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன். சவ்வு இல்லாத கறி எவ்வளவு வெந்தாலும் சக்கைதான்.

அடுத்தது மிளகாய். குவாஹியோ, ஆஞ்சோ என்ற இரண்டும் பிர்ரியாவுக்கு அடித்தளம். காரம் குறைவு, சதை அதிகம். விதையை உதறிவிட்டு, காய்ந்த கல்லில் ஒரு பக்கத்துக்குச் சில நொடிகள் மட்டும் அழுத்திப் பிடிக்க வேண்டும். விறைப்பாக இருந்த தோல் சட்டென்று இளகி வளையும், உலர்திராட்சை போன்ற வாசனை எழும். அந்த நொடியில் எடுத்துவிட வேண்டும். கறுத்துவிட்டால் குழம்பு முழுக்கக் கசப்பு. பிறகு வெந்நீரில் ஊறவைத்து, பூண்டு, சீரகம், கிராம்பு, ஓரிகானோ, வினிகரோடு விழுதாக அரைத்து, தோல் திப்பியை வடிகட்டுவார்கள். அந்த விழுதில் உள்ள பெக்டினும் (பழஜாமை உறையவைக்கும் அதே பொருள்) மற்ற நார்ச்சத்தும் தண்ணீரைப் பிடித்துவைத்துக் குழம்பைக் கெட்டியாக்குகின்றன. சூடாக இருக்கும்போது ஜெலட்டின் தருவது வழவழப்பு மட்டுமே. கரண்டியில் தெரியும் கெட்டிக்கு இந்த மிளகாய்ச் சதைதான் காரணம்.

விழுதைக் கொழுப்பில் வதக்கினால் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். முதலில் சடசடவென்று தெறிக்கும், அது தண்ணீர் வெளியேறுவது. தெறிப்பு அடங்கியதும் ஓரங்களில் சிவப்பு எண்ணெய் பிரியும். மிளகாயின் நிறம் தரும் கேப்சாந்தினும், காரம் தரும் கேப்சைசினும் கொழுப்பில் கரைபவை. தண்ணீரில் வேகவிட்டால் மட்டும் முழுதாக இறங்கிவராது. குவாஹியோ கிடைக்காவிட்டால் காஷ்மீரி அல்லது பியாடகி மிளகாய் நிறத்துக்குக் கைகொடுக்கும். ஆனால் அவற்றின் சதை மெல்லியது. அதனால் கடைசி அரை மணி நேரம் மூடியைத் திறந்துவைத்துச் சுண்டவிடுங்கள்.

கறியை முதலில் வறுத்தால் சாறு உள்ளேயே பூட்டிக்கொள்ளும் என்ற நம்பிக்கை 19ஆம் நூற்றாண்டின் ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் காலத்திலிருந்து வருகிறது; அது பொய் என்று எப்போதோ நிரூபணமாகிவிட்டது. வறுப்பதால் கிடைப்பது மணம் மட்டும். பிர்ரியாவில் மிளகாயே அந்த மணத்தைத் தந்துவிடுவதால் பச்சைக்கறியில் விழுதைப் பூசி அப்படியே ஏற்றினாலும் குறையில்லை. இரவெல்லாம் ஊறினாலும் வினிகர் சில மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே போகாது, எனவே துண்டுகளைப் பெரிதாகப் போட்டால் ஊறுவதற்காகக் காத்திருப்பதில் அதிக லாபமில்லை.

மாவுச்சத்துக் கணக்கையும் பார்த்துவிடலாம். காய்ந்த ஆஞ்சோவின் எடையில் ஏறக்குறைய பாதி மாவுச்சத்து, அதிலும் ஐந்தில் இரண்டு பங்கு நார். ஆறு பேருக்கு 60 கிராம் மிளகாய் என்றால், நார் போக ஆளுக்கு மூன்று கிராம்தான் வரும். வெங்காயமும் தக்காளியும் இதற்கு மேல் கொஞ்சம் சேர்க்கும்.

மிஞ்சியதை ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாள் மேலே சிவப்புக் கொழுப்பு தகடாக உறைந்திருக்கும், அடியில் குழம்பு அல்வா போல ஆடும். கொழுப்பில் பாதியை எடுத்துவிட்டு மீதியோடு சூடாக்கி, பொடியாக அரிந்த பச்சை வெங்காயமும் கொத்தமல்லியும் தூவி, எலுமிச்சையைப் பிழிந்து கிண்ணத்தில் ஊற்றிக் குடிக்கலாம். அங்கே அந்தச் சாற்றுக்கு கொன்சொமே என்று பெயர்; டார்ட்டியா இல்லாதவர்களுக்கு அதுவே வயிறு நிறையும்.