'மறைமுகப் பாகுபாடு': எதை மறைத்தார்கள்?

போன வாரமும் இந்தச் சொல்லைப் பார்த்துவிட்டேன். ஒரு காணொளிச் செய்தியில் ஆஸ்திரேலியாவின் 'டிக்கிள் எதிர் கிகிள்' வழக்கைப் பற்றிய தொகுப்பு. "திருநங்கையிடம் செயலி நிறுவனம் மறைமுகமாகப் பாகுபாடு காட்டியது அம்பலம்" என்று திரைக்கு அடியில் எழுத்து ஓடுகிறது. 'இன்டைரக்ட் டிஸ்கிரிமினேஷன்' (விதி எல்லோருக்கும் ஒன்று, ஆனால் அடி ஒரு சாரார்மேல் விழுவது) என்ற சட்டச் சொல்லை இப்படிப் பெயர்ப்பது புதிதல்ல. 'அம்பலம்'தான் புதிது. அதை எழுதியவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. முன்னால் 'மறைமுகம்' இருந்தால் பின்னால் 'அம்பலம்' தானாக வந்து உட்காரத்தான் செய்யும். தப்பு முதல் சொல்லில் இருக்கிறது.

அந்த வழக்கில் யாரும் எதையும் ஒளித்துச் செய்ததாக நீதிமன்றம் சொல்லவில்லை. 'கிகிள் ஃபார் கேர்ள்ஸ்' பெண்களுக்கு மட்டும் என்று பெயரிலேயே சொல்லிக்கொண்ட செயலி. சேர வேண்டுமானால் ஒரு செல்ஃபி அனுப்ப வேண்டும். மென்பொருள் முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று கணிக்கும். ராக்ஸான் டிக்கிள் என்ற திருநங்கை 2021 பிப்ரவரியில் அப்படித்தான் உள்ளே போனார். அந்த ஆண்டு செப்டம்பரில் அவருடைய கணக்கு முடக்கப்பட்டது. விஷயம் கூட்டாட்சி நீதிமன்றம்வரை போய், 2024 ஆகஸ்ட் 23 அன்று நீதிபதி ராபர்ட் புரோம்விச் தீர்ப்பளித்தார்.

டிக்கிள் வைத்த குற்றச்சாட்டு இரண்டு. ஒன்று, நேரடிப் பாகுபாடு. அது நிற்கவில்லை. பாலின அடையாளத்துக்காகவே அவரை நீக்கினார்கள் என்பதற்குப் போதிய சாட்சியம் இல்லை. உண்மைக் காரணம் அதுவாகவே இருந்திருக்கலாம், ஆனால் நிறுவப்படவில்லை என்றார் நீதிபதி. நின்றது இரண்டாவது. படத்தைப் பார்த்தால் பிறப்பிலிருந்தே பெண்ணாக இருப்பவர் போலத் தெரிய வேண்டும் என்பது அங்கே நடைமுறையில் இருந்த நிபந்தனை. வாசலில் வந்து நிற்கும் எல்லோருக்கும் அதே நிபந்தனைதான். ஆனால் அது போய் இடிப்பது திருநங்கையர் மேல். இழப்பீடு 10,000 ஆஸ்திரேலிய டாலர், வழக்குச் செலவு தனி. அப்புறம் மேல்முறையீடு, அதற்குள் நான் போகவில்லை. பிறப்பில் அமைந்த பாலை மாற்ற முடியாது என்ற நிறுவனத்தின் வாதத்தை நீதிபதி ஏற்காதது சரியா என்ற சண்டைக்கும் வரவில்லை. அது நடக்கட்டும். எனக்குச் சண்டை ஒரு சொல்லோடுதான்.

வேரைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 'டிஸ்கிரிமினேஷன்' என்ற ஆங்கிலச் சொல்லின் லத்தீன் மூலத்துக்குப் 'பிரித்தறிதல்' என்று பொருள். நம் பாகுபாடும் பொருளில் அதே குடும்பம்: பகு, பாகு, பாகுபடு, பாகுபாடு. பழைய உரைகளில் அதற்கு வகைப்படுத்தல் என்ற சாதுவான பொருள்தான். அநியாயம் என்ற வாடை பிற்பாடு ஏறியது. இதே இடத்தில் பாரபட்சம் என்றும் எழுதுகிறார்கள். வடசொல் என்பதற்காக அதை நான் தள்ளவில்லை. பாரபட்சம் காட்ட ஒரு மனசு வேண்டும். ஒரு பக்கம் சாய்கிற ஆள் வேண்டும். ஓரவஞ்சனையும் அப்படியே. பாகுபாட்டுக்கு ஆள் தேவையில்லை, ஒரு விதியே பிரித்துவிடும். ஆகவே இந்த இடத்துக்குப் பாகுபாடுதான் பொருத்தம். அதுவரை மொழிபெயர்ப்பாளர்கள் சரியாகத்தான் வந்திருக்கிறார்கள். முன்னொட்டில்தான் கவிழ்ந்துவிட்டார்கள்.

'இன்டைரக்ட்' என்றால் நேரே போகாதது, அவ்வளவுதான். அது வழியைப் பற்றிய சொல். மறைமுகம் முகத்தைப் பற்றிய சொல். முகத்தை மறைத்துக்கொண்டவனுக்கு ஒரு நோக்கம் இருந்தே ஆக வேண்டும். 'மறைமுகமாகச் சொன்னான்' என்றால் ஜாடை பேசினான் என்று பொருள். 'மறைமுகமாக உதவினான்' என்றால் வெளியே தெரியாமல் செய்தான். இப்போது இதைச் சட்டத்தில் கொண்டுபோய் ஒட்டினால் என்ன ஆகும்? நோக்கத்தைக் காட்டவே தேவையில்லாத ஒரு குற்றச்சாட்டுக்கு, நோக்கம் நிரம்பி வழிகிற பெயர் வந்துவிடுகிறது. டிக்கிள் வழக்கின் 2024 தீர்ப்பில் நோக்கத்தோடு ஒட்டிய முதல் குற்றச்சாட்டு நிற்காமல்போய், விளைவைப் பார்த்த இரண்டாவது நின்றது. தமிழில் படிப்பவருக்கோ நேர் எதிராகப் புரிகிறது: வெளியே நல்லவர் வேஷம், உள்ளே சதி!

"வரிக்குச் சரியாக இருக்கிறதே?" என்று ஒரு நண்பர் மடக்குவார். மறைமுக வரி. சரி, அங்கே பொருந்தும். எண்ணெய் பாட்டில் விலைக்குள்ளே வரி ஒளிந்துதான் உட்கார்ந்திருக்கிறது. வாங்குகிறவர் கண்ணில் படாது. ஆனால் தேர்தலுக்குப் பொருந்துகிறதா? 2022-இல் தமிழ்நாட்டு மேயர்களை மாமன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தார்கள், அதற்கு மறைமுகத் தேர்தல் என்று பெயர். எங்கள் தெருவில் பாதிப் பேர் அதை ரகசிய வாக்கெடுப்பு என்று எடுத்துக்கொண்டார்கள். இலக்கணம் எழுதியவர்கள் இன்னும் சூதானமாக இருந்திருக்கிறார்கள். பள்ளியில் படித்தது நேர்கூற்று, அயற்கூற்று. அங்கே மறைமுகக் கூற்று என்று எழுதியிருந்தால் தமிழாசிரியர் காதைத் திருகியிருப்பார். ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு இடத்துக்கு ஒரு தமிழ்ச் சொல் வரலாம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இப்போதைய வழக்கம், கலைச்சொல் பட்டியலில் கண்ட முதல் சொல்லைக் கத்தரித்து எல்லா இடத்திலும் ஒட்டுவது. பத்து வருஷமாகப் பிழை திருத்தி வயிறு வளர்ப்பவன் என்ற உரிமையில் சொல்கிறேன், இந்தக் கத்தரிக்கோலை யாராவது பிடுங்கினால் நல்லது.

இலங்கையில் நேர் வரி, நேரில் வரி என்பார்கள். நேர் + இல், நேர் அல்லாதது, அழகான ஆக்கம். ஆனால் 'நேரில் பாகுபாடு' என்று எழுதிப் பாருங்கள். முகத்துக்கு நேரே வந்து காட்டிய பாகுபாடு என்றுதான் யாரும் படிப்பார்கள். 'சுற்றுவழிப் பாகுபாடு' என்று இன்னொருவர் சொன்னார். அதிலும் திருட்டுத்தனத்தின் வாசம் போகவில்லை.

நான் எழுதுவது 'விளைவுப் பாகுபாடு'. இந்தக் கருத்து எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் காரணம் தெரியும். 1971-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் முடித்த கிரிக்ஸ் எதிர் டியூக் பவர் வழக்கு. மேல்நிலை வேலைகளுக்குப் பள்ளிச் சான்றிதழும் தேர்வும் வேண்டும் என்றது வட கரோலினாவில் இருந்த ஒரு மின் நிறுவனம். விதி எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் தனியாக ஒதுக்கப்பட்ட மட்டமான பள்ளிகளில் படிக்க நேர்ந்த கறுப்பினத் தொழிலாளர்கள்தான் பெரும்பாலும் வெளியே நின்றார்கள். அந்த வேலையைச் செய்ய அந்தச் சான்றிதழ் தேவை என்று நிறுவனத்தால் காட்டவும் முடியவில்லை. நோக்கத்தை மட்டும் பார்த்தால் போதாது, விளைவைப் பார் என்றது நீதிமன்றம். தீர்ப்பில் நரியும் கொக்கும் கதைகூட வருகிறது. விருந்து இருவருக்கும்தான், பாத்திரம் எப்படிப்பட்டது என்பதுதான் கேள்வி. 1975-இல் பிரிட்டன் இதைத் தன் பாலினப் பாகுபாட்டுச் சட்டத்தில் எழுதிவைத்தது. ஆஸ்திரேலியாவின் 1984 சட்டத்திலும் இது உண்டு. 2013 திருத்தத்தில் பாலின அடையாளமும் அதற்குள் வந்தது.

வினைச்சொல்லும் மாற வேண்டும். 'பாகுபாடு காட்டினார்கள்' என்றதும் கை நீட்டி ஓர் ஆள் வந்துவிடுகிறார். 'நிபந்தனையால் பாகுபாடு விளைந்தது' என்று எழுதினால் பழி போய் உட்கார வேண்டிய இடத்தில் உட்காரும்.

செய்தி மேசையில் வேலை பார்க்கும் தங்கை முறைப் பெண் ஒருத்தியிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தலைப்புல இடம் பத்தாதுண்ணே" என்றாள். எண்ணிக் காட்டினேன். மறைமுகப், ஐந்து எழுத்து. விளைவுப், நான்கு.

"அது சரி. ஆனா கடைசியில 'அம்பலம்'னு போட முடியாதே" என்றாள்.