சமூகமயமாதல்: பாடநூல் சொல்லும் பாட்டி சொல்லும்

“மக்களே, கொஞ்சம் தள்ளி இரு.”

நாகர்கோவில் வடசேரி பஸ் நிலையத்தில் ஓலைக் கடவத்தை மடியில் ஏற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்த ஒரு பாட்டி, பக்கத்து இருக்கைப் பையனிடம் சொன்னது இது. பையன் ஒருவன்தான். அழைப்போ பன்மை, ‘இரு’ என்ற வினை ஒருமை. இலக்கண ஆசிரியர் கேட்டிருந்தால் சிவப்பு மையைத் தேடியிருப்பார். கன்னியாகுமரி மாவட்டத்தில் இதற்கு யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். ஒற்றைப் பிள்ளையை அழைத்தாலும் பெரியவர்களுக்கு அது ‘மக்களே’, கூட்டாளிகளுக்குள் ‘மக்கா’.

பெற்ற பிள்ளைகளும் மக்கள், மனித இனமும் மக்கள், ஊரில் திரண்டு நிற்கும் கூட்டமும் மக்கள். ‘அறிவறிந்த மக்கட்பேறு’ என்று வள்ளுவர் சொல்வது முதல் பொருள். ‘மக்கள் தாமே ஆறறி வுயிரே’ என்று தொல்காப்பியம் சொல்வது இரண்டாவது. மூன்றாவதைத் தேர்தல் ஒலிபெருக்கியே விளக்கிவிடும். இந்த மூன்றையும் ஒரே விளியில் ஒரு சிறுவன் தலையில் வைத்துவிட்டு, பாட்டி ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கிவிட்டார்.

இது நினைவுக்கு வந்ததற்குக் காரணம், கல்லூரியில் சமூகவியல் படிக்கும் என் அக்காள் மகள். “மாமா, சமூகமயமாதல் என்றால் சமூகத்தை அரசாங்கம் எடுத்துக்கொள்வதா?” என்று கேட்டாள். அவள் மேல் குற்றமில்லை. தேசியமயமாக்கல், தனியார்மயமாக்கல் என்று செய்தித்தாளில் படித்துப் பழகியவளுக்கு, ‘மயமாதல்’ என்றதும் யாரோ எதையோ கைமாற்றுவதாகத்தானே தோன்றும்? ‘மயம்’ வடமொழி விகுதி. நிறைந்திருப்பது, அதனாலேயே ஆனது என்று பொருள். பொன்மயம், புகைமயம் என்றால் கண்ணில் படம் விழுகிறது. சமூகமயம் என்றால் விழவில்லை.

கருத்து எளிமையானது. பிறந்த குழந்தை, தான் வந்து சேர்ந்த கூட்டத்தின் பேச்சையும் சாப்பாட்டையும் வெட்கத்தையும் மரியாதையையும் பழகி, அந்தக் கூட்டத்தில் ஒருவராக ஆவதே சமூகமயமாதல். யார் முன்னால் கால்மேல் கால் போட்டு உட்காரக்கூடாது என்பதை யாரும் பாடம் நடத்தவில்லை, ஆனாலும் தெரிந்துவிடுகிறது. இது குழந்தைப் பருவத்தோடு முடிவதுமில்லை. புது வேலையில் சேர்கிறவரும், கல்யாணமாகிப் புது வீட்டுக்குப் போகிறவரும் மறுபடி முதல் வகுப்பிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

‘சமூகம்’ வடமொழி ‘ஸமூஹ’ என்பதன் தமிழ் வடிவம்; திரள், குவியல் என்று பொருள். ‘கலெக்டர் துரை அவர்கள் சமுகத்துக்கு’ என்று பழைய மனுக்களில் வரும் ‘சமுகம்’ வேறு. அது ‘ஸம்முக’, அதாவது முகத்துக்கு எதிரே, திருமுன். ‘சமுதாய’மும் வடமொழிதான். சேர்ந்து எழுவது என்பது அதன் வேர்ப்பொருள். மலையாளத்தில் சமூகம் என்றால் பொதுவான மனிதக் கூட்டம். சமுதாயம் என்றால் சாதி அல்லது மதப் பிரிவு. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு (1949 முதல் திருவிதாங்கூர்–கொச்சியோடு) இருந்த எங்கள் மாவட்டத்தில் அந்த வாடை இன்னும் போகவில்லை. இங்கே ஒரு மண்டபத்தின் பெயர்ப்பலகையில் ‘சமுதாயம்’ என்று இருந்தால், எந்தச் சமுதாயம் என்ற கேள்வி தானாக நாக்கில் வந்து நிற்கும். சென்னைக்காரர் எழுதும் ‘சமுதாயச் சிந்தனை’ எங்கள் காதில் கொஞ்சம் கோணலாக விழுவது அதனால்தான்.

தனித்தமிழ் அன்பர்கள் குமுகம், குமுகாயம் என்று எழுதுகிறார்கள். குமி, குவி, கும்பல் எல்லாம் கூடுதலைக் குறிக்கும் ஒரே குடும்பம் என்பதால், ‘ஸமூஹ’வுக்கு நேராக வைத்தால் நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் குவிந்து கிடப்பதற்கும் கூடி வாழ்வதற்கும் வித்தியாசம் உண்டு. என் காதுக்குக் குமுகாயத்தில் களத்து நெல் வாசனைதான் அடிக்கிறது. சமூகத்துக்கு எதிர்ப்பக்கம் நிற்கும் ‘தனிநபர்’ என்பதில் உள்ள நபர் அரபிச் சொல். போலீஸ் குறிப்பிலும் ரேஷன் அட்டையிலும் நிலைத்துவிட்டது. தனியாள், தனிமனிதர் என்று தாராளமாக எழுதலாம்.

சரி, சமூகமயமாதலுக்கு? சொல் வீட்டிலேயே கிடக்கிறது. ‘பெற்று வளர்த்து ஆளாக்கினார்கள்’ என்கிறோம். பெறுவது ஒன்று, வளர்ப்பது ஒன்று, ஆளாக்குவது மூன்றாவது. பிறந்ததும் யாரும் ஆள் இல்லை. பிறர் ஆக்க வேண்டும். சமூகவியல் ஒரு முழு அத்தியாயத்தில் சொல்வதைத் தாய்மார்கள் ஒரு வினைச்சொல்லில் சொல்லிவிடுகிறார்கள். ‘ஆளாக்கம்’ என்பது என் பரிந்துரை. ‘ஆளாதல்’ என்று வைத்தால் பெண் பூப்பெய்துவதைக் குறிக்கும் வழக்கு குறுக்கே வரும். உடம்பில் நேர்ந்த மாற்றத்தை ஊருக்குச் சொல்லி, பந்தி வைத்து, அதன்பிறகு அவளை வேறொருத்தியாக நடத்துவதும் ஆளாக்கத்தின் ஒரு பகுதிதான். அது அவளைக் கேட்டுக்கொண்டு நடப்பதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

‘ஆள்’ இன்னொரு வகையிலும் பொருத்தம். பெயராக நின்றால் மனிதர். ‘அவர் இவருடைய ஆள்’ எனும்போது ஏவலுக்கு உட்பட்டவர். ‘ஆளோலை’ என்றால் அடிமை எழுதிக்கொடுக்கும் ஓலை. வினையாக நின்றால் ஆளுதல். ஆளப்படுவதும் ஆள்வதும் ஒரே எழுத்துக்கூட்டில் இருக்கின்றன. தனிமனிதரைச் சமூகம் ஆக்குகிறது, அவர் திரும்பச் சமூகத்தை மாற்றுகிறார் என்ற இருவழிப் போக்கைச் ‘சமூகமயமாதல்’ காட்டாது. அதில் ஆள் வெறுமே பாத்திரம், சமூகம் ஊற்றப்படுகிறது.

இருவழிப் போக்குக்கு எங்கள் மண்ணிலேயே சாட்சி உண்டு. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைக்கக்கூடாது என்பது அன்றைய வழக்கம். தலைமுறை தலைமுறையாக அப்படியே ஆளாக்கினார்கள். சிறுமிகள் அதையே ஒழுங்கு என்று பழகினார்கள். 1820களில் சில பெண்கள் துணியை எடுத்துத் தோளில் போட்டுச் சந்தைக்குப் போனார்கள். துணி கிழிக்கப்பட்டது, மறுபடி போட்டார்கள். தோள்சீலைப் போராட்டம் இப்படி மேலும் கீழுமாக இழுத்து, 1859 ஜூலை 26-ஆம் தேதி அரச அறிவிப்பில் வந்து நின்றது. அறிவிப்பும் முழு மனதோடு வந்ததல்ல. ரவிக்கை அணியலாம், கடற்கரைப் பெண்களைப் போல முரட்டுத் துணியால் மூடலாம், மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக்கூடாது என்றது. துணி போகட்டும், மடிப்பாவது எங்களிடம் இருக்கட்டும் என்ற மேல்சாதிக் கணக்கு.

அய்யா வழியினரின் தலைமைப் பதியான (வழிபாட்டிடமான) சாமித்தோப்புக்குப் போனவர்களுக்குத் தெரியும்: கருவறையில் சிலை இல்லை, கண்ணாடி இருக்கிறது. தலைப்பாகை கட்டுவது ஒடுக்கப்பட்டவர்களுக்கு மறுக்கப்பட்ட காலத்தில், தலையில் துணி கட்டிக்கொண்டு வந்து வணங்கச் சொன்னவர் அய்யா வைகுண்டர் (1809–1851). அமெரிக்கச் சமூகவியலாளர் சார்லஸ் ஹார்ட்டன் கூலி, 1902-இல் வெளியான நூலில் ‘கண்ணாடித் தன்னிலை’யைப் (looking-glass self) பற்றிப் பேசினார். (பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், அது அவருடைய குடும்பப் பெயர்.) பிறர் நம்மை எப்படிப் பார்க்கிறார்கள் என்று நாம் நினைக்கிறோமோ, அதை வைத்தே நம்மைப் பற்றிய எண்ணம் உருவாகிறது, ஊர்க்கண்ணே நம் கண்ணாடி என்பது அவர் வாதம். ஊர்க்கண்ணில் குனிந்து நின்றே பழகிய ஒருவர், பதியில் உண்மையான கண்ணாடிக்கு முன் நிற்கிறார். அதில் தலைப்பாகையோடு ஒரு முகம் நிமிர்ந்து பார்க்கிறது. கூலியின் கண்ணாடி எப்படி ஆளாகிறோம் என்று விளக்குகிறது. சாமித்தோப்புக் கண்ணாடி ஏற்கெனவே ஆக்கிவைத்ததை அவிழ்க்கிறது. இரண்டையும் சேர்த்து யாராவது ஓர் ஆய்வேடு எழுதலாம்.

அக்காள் மகளிடம் இவ்வளவையும் சொன்னேன். தேர்வில் பாடநூல் சொல்லையே எழுது, மதிப்பெண்ணை என்னை நம்பி விடாதே என்றும் சொன்னேன். தேர்வு முடிந்த மாலையில் போனில் அழைத்தாள். ‘சமூகமயமாதல் அல்லது ஆளாக்கம்’ என்று தலைப்பிட்டு இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாளாம்.